விரல் பட்ட கிணறு

எங்கள் மேடத்திடமிருந்து ஒற்றை எண்ணாக எதையும் வாங்கிவிட முடியாது. காலையில் கேன்டீன் மணி வந்து, "இட்லி எத்தனை மேடம்?" என்பார். "ரெண்டுலேர்ந்து நாலுக்குள்ள." மணி மூன்று வைத்துவிட்டு, "சராசரி வச்சிருக்கேன், சண்டைக்கு வராதீங்க" என்று சொல்லிப் போவார். எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று கேட்டால், ஒன்பதே காலுக்கும் பத்துக்கும் நடுவில். அவர் அண்ணன் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பெண்ணுக்கு வயது என்ன என்று கேட்டேன். "இருபத்தஞ்சு, இருபத்தேழு இருக்கும். எங்க அண்ணி தேதியை மாத்தி மாத்திச் சொல்றா" என்றார். முதல் மாதம் முழுக்க எனக்கு எரிச்சலாகவே இருந்தது. ஒரு கேள்விக்கு ஒரு பதில் சொன்னால் வாயா வலிக்கும் என்று மனசுக்குள் முனகிக்கொள்வேன்.

உட்காரவும் மாட்டார். எங்கள் அலுவலகம் ஒரு பழைய ரைஸ் மில். மயிலாடுதுறையிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். ஒரு காலத்தில் நெல் கொட்டிவைத்த நீளமான கூடத்தில்தான் எங்கள் மேசைகள். அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்கு மேடம் நடந்துகொண்டே இருப்பார். ஜன்னலில் வைத்த காப்பி ஆடை படிந்து கிடக்கும். "மேடம், காப்பி ஆறுது" என்றால், "ஆமா" என்பார், எடுக்க மாட்டார். கணக்கு ஒத்துப்போகிறதா இல்லையா என்பதை அவருடைய செருப்புச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடலாம். ஒத்துப்போகாத நாளில் நடை வேகமாக இருக்கும். அநேகமாக எல்லா நாளும் வேகமாகத்தான் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கிற நமக்குக் கால் குடைய ஆரம்பித்துவிடும்.

அவர் புள்ளியியல் அதிகாரி. நான் அவருக்குக் கீழே தினக்கூலிக்குக் கணக்குப் போட்டவள். பி.எஸ்சி. கணக்கு முடித்துவிட்டு வீட்டில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த எனக்கு அது பெரிய வேலை. எங்கள் பக்கத்தில் ஏழெட்டு ஊர்களில் எரிவாயுக் கிணறுகள் இருந்தன. தண்ணீர்க் கிணறு மாதிரி எட்டிப் பார்க்க முடியாது. வயலின் நடுவே ஒரு கம்பிவேலி, அதற்குள் இடுப்புயரத்துக்கு ஒரு இரும்புத் தலை, அதில் திருகுகள், அவ்வளவுதான். எல்லாக் கிணற்று வாயுவும் குழாய் வழியாக ஒரே ஸ்டேஷனுக்கு வந்து சேரும். அங்கே மீட்டர் உண்டு. ஆனால் அது மொத்தத்தைத்தான் காட்டும். எந்த ஊரிலிருந்து எவ்வளவு வந்தது என்று அதற்குத் தெரியாது. எல்லாக் கிணற்றையும் மாதாமாதம் அளக்க எங்களிடம் ஆளும் இல்லை, கருவியும் இல்லை. ஆகவே ஊருக்கு மூன்று கிணறு என்று குலுக்கி எடுத்து, அந்த மூன்றை மட்டும் அளந்து, அதை வைத்து அந்த ஊர் மொத்தத்தையும் மதிப்பிட வேண்டும். பானைச் சோற்றில் நாலு பருக்கையை நசுக்கிப் பார்க்கிற வேலைதான். நாலும் மேலாகவே எடுத்ததாக இருந்துவிடக் கூடாது, அதுதான் மேடத்தின் ஓயாத கவலை.

கிணறு குலுக்கி எடுப்பதற்கென்று ஒரு புத்தகம் வைத்திருந்தார். பக்கம் பக்கமாக வெறும் எண்கள், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத எண்கள். யாராவது கண்ணை மூடிக்கொண்டு விரல் வைக்க வேண்டும். விரல் பட்ட இடத்திலிருந்து எண்களைப் படித்துக்கொண்டு போவார். எந்தக் கிணற்றின் நம்பர் வருகிறதோ அந்தக் கிணறு. தன் விரலை மட்டும் வைக்கவே மாட்டார். தபால்காரர் வந்தால் அவர் விரல். கரண்டு கணக்கெடுக்க வந்தவர் விரல். ஒருமுறை கல்யாண வீடு என்று தவறாக எங்கள் ஆபீஸுக்கு வந்துவிட்ட நாதஸ்வரக்காரரைப் பிடித்து நிறுத்தி விரல் வைக்கச் சொன்னார். "உங்க கைதான் சும்மா இருக்கே, நீங்களே வைங்களேன் மேடம்" என்று ஒருநாள் சலித்துக்கொண்டேன். "என் விரலுக்கு எங்க போகணும்னு தெரியும். அதனால என் விரல் ஆகாது" என்றார்.

காய்கறிக் கடையிலும் இதே கூத்துதான். கத்திரிக்காய்க் கூடைக்குள் பார்க்காமல் கையை விட்டு அள்ளுவார். கடைக்கார அம்மாள் தலையில் அடித்துக்கொள்வாள். "கண்ணை மூடிக்கிட்டு எடுத்தா சொத்தைதான் வரும் தாயி. பாத்து எடு." "சொத்தையும் இந்தக் கூடையிலதானே இருக்கு" என்று சொல்லி, சொத்தையும் நல்லதுமாகக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு வருவார். தனியாக ஒரு மாடி அறையில் இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்கிற தைரியம் யாருக்கும் வரவில்லை. அப்படிக் கேட்டிருந்தாலும் இதிலிருந்து இதுக்குள்ள என்றுதான் ஏதாவது சொல்லியிருப்பார்.

இனி எங்கள் நிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாலரை மா, அதாவது ஒன்றரை ஏக்கர். இப்போது அது எங்களிடம் இல்லை. அது எப்படிப் போயிற்று என்று சொன்னால்தான் மேடம் யார் என்று புரியும்.

அப்பா ஒரு பண்ணையில் ஆளாக இருந்தவர். பொழுது விடிவதற்கு முன் போய், பொழுது சாய்ந்து வருகிற வேலை. அரைப்படி நெல் கூலி கூட்டிக் கேட்டதற்காக அடி வாங்கியவர். நில உச்சவரம்புச் சட்டத்தில் அதே பண்ணையின் நிலம் பிரிந்து வந்தபோது நாலரை மா அவர் பெயருக்கு விழுந்தது. விழுந்தது என்றால் காகிதத்தில்தான். பட்டா கைக்கு வருவதற்குள் ஆட்சி இரண்டு முறை மாறி, தாலுகா ஆபீஸ் சுவரில் தலைவர் படமும் இரண்டு முறை மாறியது. அப்பா ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் போய்க் கைகட்டி நின்றிருக்கிறார். அந்த நிலத்தில் முதல் நாற்று நட்ட அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை, பேசவில்லை, வரப்பைச் சுற்றிச் சுற்றி வந்தார் என்று அம்மா சொல்வாள்.

நான் வேலைக்குச் சேர்ந்த மறுவருஷம் ஒரு செய்தி வந்தது. புதிதாக ஒரு வரிசைக் கிணறுகள் தோண்டப் போகிறார்கள். வாயு அதிகமாக வருகிற ஊரில் நிலம் எடுப்பார்கள். எங்கள் ஊருக்கும், வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நாங்கள் மேற்கூர் என்று சொல்கிற ஊருக்கும்தான் போட்டி. எங்கள் ஊர் என்றால் அந்த வரிசை எங்கள் நாலரை மாவின் மேலேதான் போகும். மேற்கூர் என்றால் அங்கே எங்களைப் போன்றவர்களின் நிலத்தின் மேல் போகும். இரண்டு ஊரிலும் ரோட்டோரத்தில் இருந்தவர்கள் பெரிய மனிதர்கள். அவர்களுடைய நிலத்துக்கு எந்தக் காலத்திலும் ஒன்றும் வருவதில்லை.

பழைய கணக்குப்படி எங்கள் ஊரில் வாயு குறைவு. எல்லா ஊர் மதிப்பீட்டையும் கூட்டினால் ஸ்டேஷன் மீட்டர் காட்டுவதைவிடக் குறைவாகவே வரும். அந்தக் குறையை எல்லா ஊருக்கும் பிரித்துப் போட்டுவிடுவது வழக்கம். யாருக்கும் அதனால் தூக்கம் கெட்டதில்லை. மேடத்துக்குக் கெட்டது. "மீட்டர் ஒன்னு சொல்லுது, நாம ஒன்னு சொல்றோம். மீட்டருக்கு நம்ம மேல என்ன விரோதம்?" என்று கேட்டுக்கொண்டே நடப்பார்.

கடைசியில் அதைக் கண்டுபிடித்தது கணக்கில் இல்லை, காலில். கார்த்திகை மாதம், விடாத மழை. எங்கள் ஊர் வயல் நடுவில் இருக்கிற ஒரு கிணற்றை அளந்துவிட்டு ஃபிட்டர் செல்வராஜ் வந்து அளவைச் சொன்னார். மேடம் நடையை நிறுத்தினார். நானும் நிமிர்ந்து பார்த்தேன். செல்வராஜின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நடு வயலுக்குப் போயிட்டு வர்றீங்க. கால்ல ஒரு பொட்டுச் சேறு இல்லையே செல்வராஜ்?"

செல்வராஜ் நல்ல மனிதர். பொய் சொல்லத் தெரியாது. "பயிர் தொண்டைக்கதிரா நிக்குது மேடம். அதை மிதிச்சுக்கிட்டு எப்படிப் போறது? நானும் விவசாயி பெத்த புள்ளதான். அதுக்குப் பக்கத்துல ரோட்டோரக் கிணறு ஒன்னு இருக்குல்ல, அதை அளந்தேன். அதுவும் கிணறுதானே."

"எத்தனை வருஷமா இப்படி?"

"எல்லாரும் அப்படித்தான் மேடம். சம்பாப் பயிர் நிக்கிற மாசமெல்லாம் அப்படித்தான்."

கிணறு தோண்டியபோது போட்ட செம்மண் ரோட்டையெல்லாம் குத்தகை முடிந்ததும் நிலக்காரர்கள் பெயர்த்தெடுத்து மறுபடி வயலாக்கிக்கொண்டார்கள். அப்பாவும்தான். ஆகவே வண்டி போக வழியில்லை. பயிருக்குள் இறங்கித்தான் போக வேண்டும். எங்கள் பக்கத்து ஆட்கள் திருட்டுக்கூடச் செய்வார்கள், கதிர் வந்த பயிரில் கால் வைக்க மாட்டார்கள். ரோட்டோரக் கிணறுகள் முதலில் தோண்டியவை, பாதி ஓய்ந்துபோனவை. எங்கள் ஊரில் மற்றதெல்லாம் நடு வயலில் இருந்தன. மேற்கூரில் அநேகமாக எல்லாமே ரோட்டோரம். எங்கள் ஊரின் கணக்கு ஏன் குறைகிறது என்று அன்றைக்குத் தெரிந்துபோயிற்று. மேடம் செல்வராஜைத் திட்டவில்லை. "இனிமே விழுந்த கிணத்தைத்தான் அளக்கணும். அதுக்குப் பதிலா இன்னொன்னு கிடையாது" என்று மட்டும் சொன்னார்.

இது எப்படியோ ஊருக்குள் போய்ச் சேர்ந்தது. ஒரு கட்சிக்காரர் டீக்கடையில் சத்தமாகவே பேசினார். "அந்தம்மா யாரு தெரியுமா? அவங்க குடும்பமும் பெரிய மிராசுதான். உச்சவரம்புல போன நிலத்துக்கு இப்ப நம்மகிட்ட வயித்தெரிச்சலைத் தீத்துக்குறாங்க." நான் அதை மேடத்திடம் போய்ச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாதுதான், ஆனால் எனக்கும் உள்ளுக்குள் அந்தச் சந்தேகம் அரித்துக்கொண்டிருந்தது. மேடம் நடந்துகொண்டே சிரித்தார்.

"எங்க அப்பாவும் கணக்கு எழுதினார்மா. சட்டம் வந்தப்போ நிலத்தையெல்லாம் ஆள் ஆளா பிரிச்சு எழுதினார். எங்க மாட்டுக்காரர் பேர்ல பன்னெண்டு மா. அது அவர் சாகுற வரைக்கும் அவருக்குத் தெரியாது. சமையல்காரம்மா பேர்ல, செத்துப்போன எங்க சித்தப்பா பேர்ல. கூட்டினா அணா பைசா பிசகாம ஒத்துப்போகும். அவ்வளவு அழகான கணக்கை நான் அப்புறம் எங்கயும் பாக்கல." சொல்லிவிட்டு ஜன்னல்வரை போய்த் திரும்பி வந்தார். "போனது கொஞ்சம். மிச்சத்தை இன்னும் எங்க அண்ணன் சாப்பிடுறான்."

மார்கழியில் அப்பா அலுவலகத்துக்கே வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. தாலுகா ஆபீஸில் நிற்கிற மாதிரி கைகட்டி நின்றார். எனக்குக் கூச்சமாக இருந்தது.

"அம்மா, எங்க நிலத்துக்குப் பக்கத்துல ஒரு கிணறு இருக்கு. அதை ஒருத்தரும் அளக்க வர்றதில்ல. நான் தினம் அதைக் கேட்டுக்கிட்டுத்தான் களை பறிக்கிறேன். முன்னாடி உஸ்ஸுன்னு சத்தம் வரும், இப்ப ஒன்னும் இல்ல. அடங்கிப்போச்சும்மா. நீங்க வந்து அளந்துட்டு, எங்க ஊர்ல ஒன்னும் இல்லன்னு எழுதிட்டிங்கன்னா எங்க பாடு தீந்துச்சு."

"நீங்க சொல்ற கிணத்தை நான் அளக்க முடியாதுங்க. விழுற கிணத்தைத்தான் அளப்பேன்."

"விழ வைங்க."

மேடம் புத்தகத்தை எடுத்து அப்பா முன்னால் வைத்தார். "நீங்களே வைங்க. ஒன்னு மட்டும் சொல்லிடுறேன். கொறையும்னு நெனச்சுக்கிட்டு வைக்காதீங்க. அளந்தா என்ன வருதோ அதுதான் வரும்."

அப்பா கண்ணை மூடிக்கொண்டு, குலதெய்வத்தின் பெயரை முணுமுணுத்து விரல் வைத்தார். மேடம் எண்களைப் படித்துக்கொண்டே வந்தார். மூன்றாவதாக அந்தக் கிணறே வந்தது. அப்பாவின் முகத்தில் வந்த சிரிப்பை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. "பாத்தீங்களாம்மா, அதுவே எடுத்துக் குடுத்திருச்சு." மேடம் சிரிக்கவில்லை.

அளக்கிற கருவி ஒரு கனத்த குழாய். நடுவில் துளையிட்ட தட்டு, மேலே அழுத்தம் காட்டும் முள். கிணற்றின் தலையில் மாட்டித் திருகைத் திறந்தால் வாயு தட்டின் துளை வழியாகச் சீறும். முள் எவ்வளவு ஏறுகிறது என்று பார்த்துக் கணக்குப் போட வேண்டும். அதை மூங்கிலில் கட்டி, செல்வராஜும் இன்னும் மூன்று பேரும் தூக்கி வந்தார்கள். காலைப் பனி இன்னும் விலகவில்லை. வரப்பு முடிந்து, கிணற்று வேலிக்கும் எங்களுக்கும் நடுவில் பயிர் மட்டும் இருந்தது. பால் பிடித்த கதிர், ஒரே உயரத்தில். செல்வராஜ் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுகொண்டார். அதற்கு மேல் அவருக்குக் கால் வரவில்லை.

"அறுப்பு முடிஞ்சு வரலாமே மேடம்" என்று நான் கேட்டேன். என் குரலே எனக்கு அந்நியமாக இருந்தது.

"தை மாச வாயு வேற, மார்கழி வாயு வேற" என்றார்.

அப்பா குனிந்து பயிரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு இறங்கினார். இரண்டு கையாலும் பயிரை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒதுக்கிக்கொண்டே முன்னால் போனார். அவர் கால் வைத்த இடத்திலேயே கால் வைத்து மற்றவர்கள் போனோம். தூரத்துக் களத்தில் நின்ற அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

திருகைத் திறந்ததும் வந்த சத்தத்தில் கொக்குகள் எல்லாம் எழும்பிப் போயின. முள் ஏறியது. நிற்கும் என்று நினைத்த இடத்தில் நிற்காமல் ஏறியது. அன்றைக்கு ஒருநாள்தான் மேடம் அவ்வளவு நேரம் அசையாமல் நின்று பார்த்திருக்கிறேன். நடந்தால் பயிர் மிதிபடும் என்று ஒரே இடத்தில் நின்றார். அப்பா, "முள்ளு சிக்கிக்கிட்டிருக்கும்மா" என்றார். மேடம் மூடிவிட்டு மறுபடி அளந்தார். அப்பா மறுபடி அதையே சொன்னார், மேடம் மறுபடி அளந்தார். மூன்று முறையும் முள் ஒரே இடத்துக்குப் போய் நின்றது.

"ரோட்டோரக் கிணத்தைவிட ஜாஸ்தியாம்மா?"

"ஜாஸ்திங்க. ரெண்டரை மடங்குலேர்ந்து மூணரை மடங்குக்குள்ள."

ஜீப்புக்குப் பக்கத்தில் அப்பா அவரை மறித்துக்கொண்டு நின்றார். "அம்மா, இன்னொரு தடவை விரல் வைக்கிறேன். இது கணக்குல வேணாம்."

"கூடாதுங்க."

"நாலரை மாவும்மா. இதுக்குப் பட்டா வாங்க நான் நடந்த நடை உங்களுக்குத் தெரியாது."

"தெரியாதுதான்." மேடம் சேற்றுக் காலோடு முன்னும் பின்னும் நடக்க ஆரம்பித்துவிட்டார். "ஸ்டேஷன் மீட்டர் காட்டுறது மாறாதுங்க. உங்க ஊர்ல நான் கொறைச்சு எழுதினா அந்தக் கொறை மேற்கூர்ல போய் ஏறும். அங்கயும் ஒருத்தர் இதே மாதிரி நிலத்தை வச்சுக்கிட்டு இருக்கார். அவருக்கு என்னைத் தெரியாது, அவர் பொண்ணு என்கிட்ட வேலை பாக்கல. வந்து கேட்டவருக்கு ஒரு கணக்கு, வராதவருக்கு ஒரு கணக்குன்னு என்னால எழுத முடியாது."

அந்த நிமிஷம் அவரை எனக்குக் கட்டோடு பிடிக்கவில்லை. இவ்வளவு நியாயம் பேசுகிறவர் நாளைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விடுவார், நாங்கள் எங்கே போவது என்று இருந்தது. அன்றைக்குப் பொழுது சாய்கிறவரை நான் அவரிடம் பேசவில்லை. அவரும் காப்பியைத் தொடவில்லை. ஆனால் அவர் என்றைக்குத்தான் தொட்டார்.

மாசியில் எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தில் விசாரணை. அதிகாரி ஒருவர் மேடையில் உட்கார்ந்து, எங்கள் ஊருக்கு ஒரு எண், மேற்கூருக்கு ஒரு எண் என்று இரண்டே எண்ணைப் படித்தார். எங்கள் எண் பெரியது. அவ்வளவுதான், எங்கள் ஊர் என்று முடிந்தது. கட்சிக்காரர்கள் எழுந்து கத்தினார்கள். அப்போது மேடம் எழுந்தார். எழுந்தார் என்று சொல்வதே தப்பு; அவர் ஆரம்பத்திலிருந்தே பின்னால் நின்றுகொண்டுதான் இருந்தார்.

"நான் குடுத்தது ஒரு எண் இல்லைங்க. ரெண்டு ஊருக்கும் இதுலேர்ந்து இதுக்குள்ளன்னு எழுதியிருந்தேன். நடுவுல உள்ளதை மட்டும் படிச்சுட்டீங்க. ரெண்டு ஊர் அளவும் ஒன்னுக்குள்ள ஒன்னு கிடக்குது. எங்க ஊருல ஜாஸ்தி மாதிரி தெரியுதே தவிர, நிலத்தை எடுக்குற அளவுக்கு அது உறுதி இல்ல. இன்னும் ஆறேழு கிணறு அளக்கணும்."

எங்க ஊர் என்றுதான் சொன்னார். அது வாய் தவறி வந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அதிகாரியின் முகம் சுருங்கிவிட்டது. விசாரணை தள்ளிப் போயிற்று. அடுத்த வாரமே மேடத்துக்கு மாற்றல் வந்தது, வடக்கே எங்கோ ஒரு மணல்காட்டுக்கு.

பஸ் ஸ்டாண்டுக்கு நான் மட்டும்தான் வழியனுப்பப் போனேன். அங்கேயும் பஸ்களுக்கு நடுவில் நடந்துகொண்டிருந்தார். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. "எல்லாரையும் மாதிரி ரோட்டோரக் கிணத்தையே எடுத்திருக்கலாம் மேடம். நீங்களும் நிம்மதியா இருந்திருப்பீங்க."

"நிம்மதியா?" என்றார். "எங்க வீட்டுல அப்பா ஒருத்தர்தாம்மா நிம்மதியாத் தூங்கினார்." பஸ் வந்துவிட்டது. ஏறி, உட்காராமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே போனார்.

புதிதாக வந்தவர் நாற்காலிக்கு மெத்தை வாங்கிப் போட்டார். காப்பியைச் சூடாகக் குடித்தார். எதைக் கேட்டாலும் ஒற்றை எண்ணாகவே சொன்னார். அடுத்த சம்பாவில் செல்வராஜ் காலில் சேறு படாமல் அளந்துகொண்டு வந்தார். யாரும் அவர் காலைப் பார்க்கவில்லை. எங்கள் ஊரின் எண் இறங்கியது, மேற்கூரின் எண் ஏறியது. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அம்மா மாரியம்மனுக்கு மாவிளக்குப் போட்டாள். தையில் மேற்கூர்க்காரர்களுக்கு நோட்டீஸ் போயிற்று.

அந்தத் தையில் எங்கள் வயல் அறுப்புக்கு மேற்கூரிலிருந்துதான் பெண்கள் வந்தார்கள். அரிவாளும் பேச்சுமாக வரிசை போய்க்கொண்டிருந்தது. ஒரு பெண் நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்பாவைப் பார்த்துச் சொன்னாள்: "எங்க மண்ணுக்கடியில அவ்வளவு வாயு இருந்திருக்கு பாருங்கண்ணே. நாங்க என்னமோ நெல்லு மட்டும்தான்னு இருந்துட்டோம்." மற்ற பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அவளுக்கு அங்கே மூன்று மா இருந்தது, அதுவும் உச்சவரம்பில் வந்ததுதான்.

அப்பா சிரிக்கவில்லை. அன்றைக்கு மதியம் சோறு இறங்கவில்லை என்று தட்டை நகர்த்திவிட்டார். மறுநாளிலிருந்து வீட்டுக்கும் வாசலுக்கும் நடக்க ஆரம்பித்தார். "ஏன் இப்படிக் குட்டி போட்ட பூனையாட்டம் அலையுற? நாமதான் தப்பிச்சுட்டோமே" என்று அம்மா அதட்டினாள். "ஆமா, தப்பிச்சுட்டோம்" என்றார்; நடையை நிறுத்தவில்லை. எனக்கு மேடத்தின் மேல்தான் ஆத்திரமாக வந்தது.

மேற்கூர் விசாரணை பள்ளிக்கூடத்தில் நடந்தது. பேசுகிறவர்களின் பெயரையும் பேச்சையும் எழுதிக்கொள்வது என் வேலை. அதே அதிகாரி. ஒருவர் பின் ஒருவராக வந்து அழுதார்கள், கும்பிட்டார்கள். அந்தப் பெண்ணும் பேசினாள். எல்லாம் முடிகிற நேரத்தில் கடைசி பெஞ்சியிலிருந்து அப்பா எழுந்தார். அவர் வந்திருந்ததே எனக்குத் தெரியாது.

"ஐயா, போன வருஷம் இருந்த அம்மா எங்க வயல் கிணத்தை அளந்தாங்க. நான்தான் விரல் வச்சேன். பயிரை ஒதுக்கி வழி விட்டதும் நான்தான். முள்ளு மூணு தடவையும் ஏறுச்சு, என் கண்ணால பாத்தேன். இந்த வருஷம் அந்தக் கிணத்துக்கு ஒருத்தரும் வரல. ரோட்டோரத்தை அளந்துட்டு எங்க ஊர்ல கொறைச்சல்னு எழுதியிருக்கீங்க. அந்தக் கொறைச்சல்தான் இவங்க தலையில ஏறியிருக்கு."

மேற்கூர்க்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "பெரியவரே, நீங்க இந்த ஊரா?"

"இல்லீங்க, வாய்க்காலுக்குக் கிழக்க."

"பாதிக்கப்பட்டவங்க மட்டும்தான் இங்க பேசலாம்."

"நான்தாங்க பாதிக்கப்பட வேண்டியவன்."

 அதிகாரி கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு, "சரி, பேரையும் சர்வே நம்பரையும் சொல்லுங்க" என்றார். அப்பா என்னைப் பார்க்காமல், நிதானமாக, என் பேனா பின்தங்கிவிடாதபடி ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். நான் எழுதினேன்.